பழைய மனநல மருத்துவமனை வளாகம்: பழுதுபார்ப்பதா, இடித்துக் கட்டுவதா, பிரித்து அனுப்புவதா?

அரசு மனநல மருத்துவமனைகள் பெரும்பாலும் ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் கட்டப்பட்டவை. பிறகு ஊர் வளர்ந்து அவற்றைச் சூழ்ந்துகொண்டது. சென்னையில் 1794இல் தொடங்கிய காப்பகம் 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியபோது அது தோட்டங்களும் பங்களாக்களுமாக இருந்த பகுதி. இன்று அங்கே ஒரு கிரவுண்டு என்ன விலை என்று விசாரித்தாலே மூச்சு முட்டும். திருவனந்தபுரம், கோழிக்கோடு, ஆக்ரா, தேஜ்பூர் என்று நாட்டில் பல இடங்களில் இதே கதைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம், விரிந்த நிலம், எந்த ஆண்டும் போதாத பட்ஜெட்.

இப்படி ஒரு வளாகத்தை என்ன செய்வது என்று முடிவெடுக்க உட்காரும் குழுவின் முன் வழக்கமாக மூன்று வழிகள் வைக்கப்படும். இருப்பதைப் பழுதுபார்த்து அப்படியே நடத்தலாம். இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டலாம். அல்லது படுக்கைகளைக் குறைத்து, மாவட்ட மருத்துவமனை வார்டுகள், சிறு வீடுகள் என்று பிரித்துவிடலாம். பண்ணையை என்ன செய்வது என்பதை நாலாவது கேள்வியாகக் கடைசிப் பக்கத்தில் சேர்ப்பார்கள். என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். இந்த மருத்துவமனைகள் ஒரு காலத்தில் எப்படி அவ்வளவு மலிவாக நடந்தன என்பதற்கான விடை பண்ணையில்தான் இருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க, இங்கிலாந்திலும் அதன் காலனிகளிலும், பெரிய மனநலக் காப்பகம் என்றால் கூடவே பண்ணை இருக்கும். பால், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ், பன்றி எல்லாம் உள்ளேயே. சலவைக்கூடம், தையற்கூடம், தச்சுப்பட்டறையும் உண்டு. ஆண்களுக்கு வயல், பெண்களுக்குச் சலவை. இதில் மருத்துவ நம்பிக்கையும் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. வெயிலில் வேலை செய்கிறவன் ராத்திரி நன்றாகத் தூங்குகிறான் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அந்தக் காலத்து மருத்துவர்கள் எழுதினார்கள். நியூசிலாந்தின் சீக்ளிஃப் மருத்துவமனையில் 1889இல் கண்காணிப்பாளராக வந்த ட்ரூபி கிங் பண்ணையை ஆய்வுக்கூடம் போலவே நடத்தினார். கன்றுகளுக்கு எந்தப் பாலை எப்படிக் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வராது என்று அங்கே பார்த்த அனுபவம்தான் பின்னாளில் கைக்குழந்தைகளுக்கான பால் முறைக்கும், 1907இல் அவர் தொடங்கிய தாய்சேய் நலச் சங்கத்துக்கும் அடிப்படையானது.

கணக்குப் புத்தகத்தில் இது எப்படி ஏறியது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். பண்ணையில் விளைந்ததைச் சந்தை விலைக்கு மதிப்பிட்டு வரவில் வைப்பார்கள். விதை, தீவனம், பண்ணைக் கண்காணிப்பாளர் சம்பளம் ஆகியவை செலவில் வரும். வயலில் இறங்கி வேலை செய்த நோயாளிகளின் கூலிக்கு அந்தப் புத்தகத்தில் கட்டமே கிடையாது. ஆக வருடா வருடம் பண்ணை 'லாபம்' காட்டும். அந்த லாபத்தை மொத்தச் செலவில் கழித்து, நோயாளி ஒருவருக்கு இவ்வளவுதான் ஆகிறது என்று ஆண்டறிக்கையில் பெருமையாகப் போடுவார்கள். சலவையிலும் தையலிலும் கூலி மிச்சமானது எந்த வரியிலும் வராமலே போய்விடும்.

இன்னொரு விளைவும் உண்டு. நன்றாக வேலை செய்கிற நோயாளியை வீட்டுக்கு அனுப்பினால் பண்ணைக்கு நஷ்டம். யாரும் இதை வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் குணமாகி வருகிறவர்தான் மாடு கறக்கவும் பாத்தி கட்டவும் லாயக்கானவர். அவரை அனுப்ப அவசரம் காட்ட நிர்வாகத்துக்கு ஒரு காரணமும் இல்லை.

இது முடிவுக்கு வந்த விதம் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை வந்த பிறகு, மருத்துவமனையின் வேலை விவசாயம் அல்ல என்று பண்ணைகளைக் கைவிட ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் 1973இல் வந்த சௌடர் எதிர் பிரென்னன் தீர்ப்பு, மருத்துவமனைக்காக வேலை செய்யும் நோயாளிக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தும் என்றது. கூலி கொடுக்க வேண்டும் என்றதும் பல மாநிலங்கள் வேலையையே நிறுத்திவிட்டன. நோயாளிகள் பகலெல்லாம் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தார்கள். இந்தியாவில் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, விரும்பிச் செய்தால் உரிய ஊதியம் தர வேண்டும் என்று இருபதாவது பிரிவிலேயே சொல்லிவிட்டது. எனவே இன்றைக்கு ஒரு குழு 'பழையபடி பண்ணையை விரிவுபடுத்தினால் சாப்பாட்டுச் செலவு குறையும்' என்று எழுதினால், அது சட்டத்தையும் படிக்கவில்லை, கணக்கையும் போடவில்லை என்று அர்த்தம்.

கணக்கு ஒன்றைத் தோராயமாகப் போட்டுப் பார்க்கலாம். 30 பேர், வருடத்துக்கு 200 நாள், நாளுக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூலி மட்டும் 18 லட்சம். தண்ணீர், விதை, உரம், பயிற்சியாளர் சம்பளம் தனி. நகரத்து மண்ணில் சில ஏக்கர் காய்கறி போட்டு அந்தப் பணத்தை எடுப்பது சிரமம். கோயம்பேட்டில் மொத்தமாக வாங்குவதே மலிவு. அதனால் பண்ணை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அதை உணவுச் செலவைக் குறைக்கும் வழியாகக் காட்டாமல், மறுவாழ்வுச் செலவு என்ற தலைப்பில் நேர்மையாக எழுதினால் போதும். கீழ்ப்பாக்கத்தில் தொழிற்பயிற்சிக் கூடத்தில் ரொட்டி சுடுவது நெடுங்காலப் பழக்கம். ரொட்டிக்கு அன்றன்றே கேட்பு இருக்கிறது, நிழலில் செய்கிற வேலை, வெளியே போனால் பேக்கரியில் சேரவும் உதவும். கத்தரிக்காய்ப் பாத்தியை விட இது நல்ல தேர்வு என்றே நினைக்கிறேன். இத்தாலியின் திரியெஸ்தே நகர மனநல மருத்துவமனையில் மருத்துவர் பிராங்கோ பசாலியா 1970களின் தொடக்கத்தில் செய்தது இதைவிடத் துணிச்சலானது. மருத்துவமனையைக் கூட்டித் துடைக்கும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்துவந்த நோயாளிகளையே ஒரு கூட்டுறவுச் சங்கமாக்கி, அந்த வேலைக்கான ஒப்பந்தத்தை அவர்களுக்கே கொடுத்தார். வேலை அதேதான், ஆனால் கூலியும் சங்க உறுப்பினர் என்ற தகுதியும் வந்தன.

சரி, பண்ணையின் இலவச உழைப்பு கணக்கை விட்டுப் போன பிறகு மூன்று வழிகளும் எப்படித் தெரிகின்றன?

பழுதுபார்ப்பது கேட்பதற்கு மலிவு. பொதுப்பணித்துறையில் எஸ்டிமேட் போட்டு, டெண்டர் விட்டு, வெள்ளையடித்து முடித்துவிடலாம். ஆனால் பழைய கட்டடத்தைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் கையில் கொடுக்க வேண்டும். சென்னைப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் மெட்ராஸ் டெரஸ் கூரைதான் அதிகம். தேக்கு உத்திரக் கட்டைகள், அவற்றின் மேல் செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சாய்வரிசையில் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பது, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த தளம், அதற்கு மேல் தட்டோடு. சுவரும் சுண்ணாம்புக் காரைதான். ஓதம் ஏறினாலும் சுண்ணாம்பு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். இதன் மேல் ஒரு ஒப்பந்ததாரர் சிமெண்ட் பூசினால் முதல் வருஷம் பளிச்சென்று இருக்கும். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று, உப்பு பூத்து, சில மழைக்காலத்திலேயே பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். அப்புறம் இன்னொரு எஸ்டிமேட். கூரையில் தண்ணீர் நின்று தேக்குக் கட்டையின் முனை சுவருக்குள் உளுத்துப்போவது கீழே நிற்பவருக்குத் தெரியவே தெரியாது. மனநல வார்டு என்பதால் வேறு செலவுகளும் சேரும். உயரத்தில் இருக்கும் ஃபேன் கொக்கி, ஜன்னல் கம்பி, வெளியே தெரியும் குழாய் எல்லாம் தற்கொலை அபாயம். அவற்றை மாற்ற வேண்டும், தீ விபத்து நேர்ந்தால் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறக்க வழி வேண்டும்.

இந்தக் கடைசி வாக்கியம் சம்பிரதாயத்துக்குச் சொன்னது அல்ல. சீக்ளிஃப்பில் 1942 டிசம்பர் 8 இரவு ஐந்தாம் வார்டு தீப்பிடித்தது. மரக் கட்டடம், பூட்டிய கதவுகள், போர்க்காலம் என்பதால் செவிலியர் பற்றாக்குறை. 37 பெண்கள் இறந்தார்கள். நம் ஊரில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தனியார் காப்பகக் கொட்டகையில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். தாழ்ப்பாளும் சாவியும்கூட எஸ்டிமேட்டில் வர வேண்டியவை என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

பழுதுபார்ப்பதில் இன்னொரு சிக்கல், கட்டடத்தின் குணம் மாறாது. 1999இல் தேசிய மனித உரிமை ஆணையம் வெளியிட்ட அறிக்கை 37 மனநல மருத்துவமனைகளைப் பார்த்துவிட்டு எழுதியது. பல இடங்களில் சிறை போன்ற அமைப்பே தொடர்வதை அது சொன்னது. மதிலும் வரிசை அறையும் அடைத்து வைக்கவென்று கட்டப்பட்டவை. வண்ணம் மாற்றினாலும் அங்கே அடைத்துத்தான் வைப்பார்கள்.

அப்படியானால் இடித்துக் கட்டலாமா? அரசியல்வாதிகளுக்குப் பிடித்த வழி இதுதான். அடிக்கல், திறப்பு விழா, கல்வெட்டில் பெயர். ஆனால் புதுக் கட்டடம் என்றாலே நல்ல கட்டடம் என்று ஆகிவிடாது. மறுபடியும் சீக்ளிஃப்புக்கே போகலாம். 1880களில் அது நியூசிலாந்திலேயே பெரிய கட்டடம். ராபர்ட் லாசன் வடிவமைத்த கோட்டை மாதிரியான கட்டடம். கட்டிய மலைச்சரிவோ நகர்ந்துகொண்டிருந்த மண். வேலை முடிவதற்குள்ளேயே விரிசல், 1887இல் ஒரு பகுதி பெரும் சேதம், அடுத்த ஆண்டு விசாரணையில் கட்டடக் கலைஞர் மேல் பழி. அரசு அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. பல பத்தாண்டுகள் அந்தக் கட்டடத்துக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தது. போட்ட பணம் வீணாகக் கூடாது என்று மேலும் மேலும் பணம் போடுவது பெரிய கட்டடங்களுக்கே உரிய நோய்.

அந்நாட்டவர் அதிலிருந்து கற்றுக்கொண்டதும் உண்மை. பின்னால் கட்டிய டோகனுய், கிங்ஸீட் போன்ற இடங்களில் ஒரே பெரிய மாளிகைக்குப் பதிலாகத் தனித்தனி வில்லாக்கள். ஒன்றில் தீயோ தொற்றோ வந்தால் மற்றவை தப்பிக்கும். பணம் வரும்போது ஒவ்வொன்றாகக் கட்டலாம். தேவை குறைந்தால் ஒன்றைப் பூட்டலாம். நடத்தும் செலவில் மட்டும் இடிக்கும். ஒவ்வொரு வில்லாவுக்கும் இரவுப் பணிக்குத் தனி ஆள் வேண்டும், சாப்பாட்டை வண்டியில் கொண்டுபோக வேண்டும், தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் நீளும். கட்டுகிற செலவை மட்டும் பார்த்து முடிவெடுக்கிற குழு இதைக் கவனிக்காது. மனநல மருத்துவமனையின் செலவில் பெரும்பங்கு சம்பளம்தான். டயட்டும் மருந்தும் சேர்ந்தால்கூட அதன் பக்கத்தில் வராது. கட்டடம் எத்தனை ஆட்களைக் கேட்கிறது என்பதே முக்கியமான விலை.

எப்படியானாலும், 1,800 படுக்கை அனுமதி உள்ள கீழ்ப்பாக்கம் மாதிரி ஓர் இடத்தில் அதே அளவுக்குப் புதிதாகக் கட்டுவது, அடுத்த ஐம்பது வருடத்துக்கு ஆட்களை உள்ளே வைத்திருப்போம் என்று இப்போதே கையெழுத்துப் போடுவது போலத்தான். 2017 சட்டத்தின் பத்தொன்பதாவது பிரிவோ, குடும்பம் இல்லை, வீடு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. நீண்டகாலமாக உள்ளே இருப்பவர்களில் பலர் சரியாக அந்தக் காரணத்துக்காகத்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது தங்க வீடு.

மூன்றாவது வழி அங்கேதான் வருகிறது. இதற்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் 'செலவு குறையும்' என்று சொல்லி ஆரம்பிப்பது எனக்கு உறுத்தல். குறையாது, முதல் சில வருடம் கூடத்தான் செய்யும். ஏன் என்று ஓர் உதாரணக் கணக்கில் காட்டுகிறேன். ஒரு மருத்துவமனையின் நிலையான செலவு வருடத்துக்கு 30 கோடி, ஆளுக்கு ஆள் மாறும் சாப்பாடு, மருந்து, துணி ஆகியவை 60 ஆயிரம் என்று வையுங்கள். உள்ளே 1,000 பேர் இருந்தால் மொத்தம் 36 கோடி, தலைக்கு 3.6 லட்சம். 500 பேரை வெளியே அனுப்பிவிட்டால் 33 கோடி, தலைக்கு 6.6 லட்சம். பாதிப் பேர் போயும் மிச்சம் 3 கோடிதான். அதற்குள் ஒரு தணிக்கைக் குறிப்பு 'ஒரு நோயாளிக்கான செலவு 83 சதவீதம் உயர்ந்துள்ளது' என்று வந்துவிடும். வார்டுகளை முழுதாக மூடி, பணியாளர்களை வெளியே உள்ள வீடுகளுக்கு மாற்றும் வரை இந்த மிச்சம் பெரிதாகாது. அதுவரை இரண்டு பக்கமும் பணம் கொடுத்தாக வேண்டும். இந்த இடைக்காலப் பணத்தை ஒதுக்காமல் தொடங்குவதுதான் எல்லா விபத்துக்கும் வேர்.

அமெரிக்காவில் 1955இல் மாநில மருத்துவமனைகளில் சுமார் 5.6 லட்சம் பேர் இருந்தார்கள். அவர்களை வெளியே விட்ட வேகத்துக்குச் சமூக மையங்கள் கட்டப்படவில்லை. தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தவர்கள் ஏராளம். தென்னாப்பிரிக்காவில் நடந்தது இன்னும் மோசம். 2015-16இல் கௌடெங் மாகாண அரசு, செலவைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி, எஸிடிமெனி என்ற தனியார் நிறுவனத்தின் மனநலப் பராமரிப்பு நிலையங்களில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அவசர அவசரமாகத் தொண்டு நிறுவனங்களிடம் அனுப்பியது. பல நிறுவனங்களுக்கு முறையான உரிமமே இல்லை. சோறில்லாமல், மருந்தில்லாமல், கவனிப்பில்லாமல் 144 பேர் இறந்தார்கள். மூன்றாவது வழியை மலிவு வழி என்று நினைத்தால் இப்படித்தான் முடியும்.

நிதானமாகச் செய்த இடங்களும் உண்டு. லண்டனில் ஃப்ரையர்ன், கிளேபரி என்ற இரண்டு பெரிய மருத்துவமனைகளிலிருந்து வெளியே போனவர்களை ஓர் ஆய்வுக் குழு பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் வெளியே தாக்குப்பிடித்தார்கள். தெருவுக்குப் போனவர்கள் மிகச் சிலர். மொத்தச் செலவு மருத்துவமனையை விடக் கூடவில்லை. ஆனால் முதலில் வெளியே போனவர்கள் எளிதானவர்கள், செலவு குறைவு. கடைசியாகப் போனவர்களுக்குச் செலவு அதிகம். இது மிக முக்கியமான தகவல். முதல் நூறு பேரின் கணக்கை வைத்துக்கொண்டு மீதி ஐந்நூறு பேருக்குப் பட்ஜெட் போட்டால் பாதியில் கவிழ்ந்துவிடும்.

பக்கத்திலேயே இலங்கையும் இருக்கிறது. அங்கே வெகுகாலம் கொழும்புக்கு அருகில் உள்ள அங்கொடை மருத்துவமனையே எல்லாமாக இருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு, 2005இல் வந்த மனநலக் கொள்கையின்படி மாவட்டப் பொது மருத்துவமனைகளில் சிறிய உள்நோயாளர் பிரிவுகள், அவற்றுக்கென்று பயிற்சி பெற்ற மருத்துவ அலுவலர்கள் என்று பரப்பினார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று அங்கொடைக்கு ஓடாமல் தெல்லிப்பழையில் காட்ட முடிகிறது என்றால், பயணச் செலவு மட்டுமா மிச்சம்? தூரத்தில் விட்டுவிட்டு வந்தவர்கள் மறுபடி கூட்டிப்போக வருவது அரிது. பக்கத்தில் இருந்தால் வந்து பார்ப்பார்கள், கூட்டியும் போவார்கள். தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு சௌகரியம் கூடுதலாக இருக்கிறது. 1994இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டங்களுக்கு அனுப்பும் ஏற்பாடு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. மனநோய் மருந்துகளில் பெரும்பாலானவை காப்புரிமை முடிந்த மலிவு மருந்துகள். மருந்துக்கு வழி இருக்கிறது. இனி ஆட்களையும் வீடுகளையும்தான் தேட வேண்டும்.

என் தேர்வு மூன்றாவதுதான், ஆனால் முதல் வழியிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிக்கொண்டு. அடுத்த பத்து வருடத்துக்குத் தேவைப்படும் வார்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, கூரையையும் கதவையும் மின்வயரையும் ஒழுங்காகப் பழுதுபார்க்கலாம். மற்றவற்றில் ஒரு ரூபாய்கூடப் போட வேண்டாம், தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். புதுக் கட்டடம் என்றால் அவசர சிகிச்சைக்குச் சிறிதாக ஒன்று, அவ்வளவுதான். ஒரு வார்டை மூடும் தேதியும், அந்த வார்டின் பணியாளர்கள் எந்த வீட்டுக்குப் போகிறார்கள் என்பதும் ஒரே உத்தரவில் வர வேண்டும். ஐந்தாறு பேர் சேர்ந்து வாடகை வீட்டில் இருக்க, உதவிக்கு ஒருவர் கூடத் தங்கும் முறையைச் சென்னையைச் சேர்ந்த பான்யன் அமைப்பு நடத்திக் காட்டியிருக்கிறது. ஆக, இது நம் ஊருக்கு ஒத்துவராது என்ற சாக்கு எடுபடாது. பணியாளர் சங்கங்கள் எதிர்க்கும். வேலை போகாது என்று எழுத்தில் கொடுத்தால் அந்த எதிர்ப்பு பாதி தணியும்.

நிலத்தைப் பொறுத்தவரை, கூலி கொடுத்து நடத்தக்கூடிய அளவுக்கு ஓரிரு ஏக்கர் தோட்டமும் ரொட்டிக்கூடமும் போதும். மீதியை விற்பதா, குத்தகைக்கு விடுவதா, திரியெஸ்தே மாதிரி பூங்காவாக்கி ஊருக்குத் திறந்துவிடுவதா என்பதற்கு அவசரமில்லை. 1993இல் மூடிய ஃப்ரையர்ன் இன்று வசதியானவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி. நம் ஊரிலும் அந்தக் கண் எப்போதும் மதிலுக்கு வெளியே காத்துக்கொண்டுதான் இருக்கும். கடைசி நோயாளிக்கும் வீடு கிடைக்கும் வரை ஒரு சென்ட்கூடக் கைமாறக் கூடாது. அப்படி ஒருநாள் குத்தகைக்கு விட்டாலும், வரும் பணம் எந்தக் கணக்குத் தலைப்பில் சேரும் என்பதை அரசாணையிலேயே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் அது பொது நிதியில் கலந்து, அடுத்த வருடம் ஏதாவது ஒரு மேம்பாலத்துக்குப் போய்விடும்.